குண்டிக்காயும் கிட்னியும்: உடலைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு

தமிழில் முப்பது முப்பத்தைந்து வருஷமாக நாம் உடலைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். தலித் உடல், பெண் உடல், உழைக்கும் உடல், தீட்டாக்கப்பட்ட உடல், உடலின் அரசியல், உடலின் மொழி. கருத்தரங்குகளில் ஃபூக்கோ பெயர் அடிபடாத அமர்வு இல்லை. கவிதைகளில் இரத்தமும் மலமும் சதையும் வந்துவிட்டன, வரட்டும், வரவேண்டியவைதான். ஆனால் இவ்வளவு எழுதியவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறேன். ராத்திரி பகலாக உங்கள் சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது? வெயிலில் கரும்பு வெட்டுகிறவனுக்கு மூத்திரம் ஏன் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது? மூச்சில் இழுத்த காற்று எந்த இடத்தில் இரத்தத்தில் சேருகிறது? பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் சிரித்து மழுப்புவார்கள். மிச்சம் இரண்டு பேர் நர்சிங் படித்தவர்களாக இருப்பார்கள்.

என் வாதம் இதுதான். தலித் இயக்கத்தில் வேலை செய்கிறவர்கள், எழுதுகிறவர்கள், மாணவர்கள் எல்லோரும் கல்லூரி முதல் வருஷத்தில் சொல்லித்தரும் மனித உடலியங்கியல் பாடத்தைப் படித்தாக வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்துக் காலனிகளில் அதைத் தமிழில் நடத்த வேண்டும். 'அதெல்லாம் டாக்டருக்குப் படிக்கிறவங்க சமாச்சாரம்' என்று ஒதுக்குவது எதிரிக்கு நாமே ஆயுதத்தை எடுத்துக் கொடுப்பது.

1

நான் எம்.ஏ. தமிழ். முப்பது தாண்டிய பிறகு ஒரு சுகாதாரப் பணியாளர் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தேன். முதல் தாள் மனித உடலியங்கியல். வகுப்பில் இருபது சொச்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். அரூர் பக்கம், கடத்தூர் பக்கம், சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், எங்கள் ஊர்ப் பிள்ளைகள். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு கிடைக்காதவர்கள் பாதி. 'உனக்கு பயாலஜி வராது, மூணாவது குரூப் எடுத்துக்க' என்று பத்தாம் வகுப்பு முடித்த கையோடு சொல்லி அனுப்பப்பட்டவர்கள். யாருக்கு எது வரும், வராது என்பதை எந்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மார்க் ஷீட்டுக்குப் பக்கத்திலேயே சாதிச் சான்றிதழும் இருந்தது, அவ்வளவுதான்.

நோட்ஸ் முழுக்க ஆங்கிலம். ஸ்ப்ளீன் என்று எழுதிப் போட்டார் ஆசிரியர். மண்ணீரல் என்று ஒரு பெண் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதற்கும் பக்கத்தில் இருந்தவள், 'அட, சுவரொட்டிக்கா!' என்றாள். வகுப்பே சிரித்தது. ஏன் சிரிக்க வேண்டும்? ஆட்டைக் கூறு போட்டுப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குச் சுவரொட்டி எங்கே இருக்கும், என்ன நிறம், அழுத்தினால் எப்படி இருக்கும் என்று தெரியும். குண்டிக்காய் இரண்டு, கொழுப்பு மூடி முதுகு பக்கம் ஒட்டிக்கொண்டு இருக்கும் என்று தெரியும். பித்தப்பையைக் கத்தி படாமல் எடுக்கத் தெரியும். பட்டால் கறி கசக்கும். கல்லூரிக்கு வந்த பிறகு ஸ்ப்ளீன், கிட்னி, கால்பிளாடர் என்று படத்தில் காட்டி, அம்புக்குறி போட்டு, இது உனக்குப் புதுசு என்கிறார்கள். அந்தப் பிள்ளையும் நம்பிவிடுகிறாள்.

1836ஆம் வருஷம் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனிதப் பிணத்தை அறுத்தார். இந்திய மருத்துவ வரலாற்றில் அது பெரிய புரட்சி என்று எழுதுகிறார்கள். அதற்காகக் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகக்கூடச் சொல்வார்கள். அவர் துணிந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் பிணத்தைத் தொட்டதற்காக ஒருவருக்குப் பீரங்கி மரியாதை. பிணத்தைத் தொட்டதற்காகவே எங்கள் பாட்டனுக்கு ஊருக்கு வெளியே குடிசை. அதே தொடுதல்தான். செத்த மாட்டைத் தூக்கியவன், அறுத்தவன், தோலை உரித்தவன், சுடுகாட்டில் வெந்தும் வேகாத உடம்பைக் கழியால் புரட்டியவன், பிரசவத்தில் நஞ்சுக்கொடியை அறுத்துப் புதைத்த மருத்துவச்சி: உடம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த நாட்டில் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள். பார்த்ததை எழுதிவைக்க எழுத்து மறுக்கப்பட்டது. எழுத்து வைத்திருந்தவன் தொட மறுத்தான். இந்த நாட்டில் உடல் பற்றிய அறிவு பல நூற்றாண்டு முடங்கிக் கிடந்ததற்கு இந்தச் சாதிப் பிரிவினையும் ஒரு பெரிய காரணம்.

இன்றும் பிணவறையில் மண்டை ஓட்டை அறுத்துத் திறப்பது யார், பக்கத்தில் நின்று குறிப்பு எழுதுவது யார் என்று போய்ப் பாருங்கள். 1951ஆம் வருஷத்து உடற்கூறியல் சட்டப்படி யாரும் உரிமை கோராத உடல்கள் மருத்துவக் கல்லூரி மேசைக்குப் போகின்றன. உரிமை கோர ஆளில்லாமல் அரசு ஆஸ்பத்திரியில் சாகிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள்? மருத்துவ மாணவன் முதன்முதலில் படிக்கிற புத்தகம் நம்முடைய உடம்பு. அந்த மேசையில் கிடக்க நமக்குத் தடை இருந்ததில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கத்தான் நுழைவுத் தேர்வு. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கியும் 2017இல் அந்தப் பக்கம் நிற்க விடப்படவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததே அதற்கப்புறம், 2020இல்தான்.

2

பாடப் புத்தகத்தில் ஒரு மனிதன் வருகிறான். ஆண். எடை 70 கிலோ. உடம்பில் ஐந்து லிட்டர் இரத்தம், நாற்பத்திரண்டு லிட்டர் தண்ணீர். எல்லாக் கணக்கும் அவனை வைத்துத்தான். மேலை நாட்டிலிருந்து வந்த ஆள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன கணக்கில்கூட இந்திய ஆணுக்கு 65 கிலோ, பெண்ணுக்கு 55 கிலோ. எங்கள் தெருவில் 55 கிலோ இருக்கிற பெண்ணைத் தேட வேண்டும்.

செய்முறை வகுப்பில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார்கள். சாலி முறை: விரல் நுனியில் குத்தி, சிறு குழாயில் இரத்தத்தை உறிஞ்சி, அமிலத்தில் கலந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, நிறம் பக்கத்துக் கண்ணாடியோடு ஒத்துப்போகிற இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு எட்டு வந்தது. 'சரியாப் பண்ணல, திரும்ப எடு' என்றார் செய்முறை நடத்தியவர். திரும்பவும் எட்டுதான். 'நார்மல் வேல்யூ என்ன? பன்னண்டுக்கு மேல. ரெக்கார்டுல பன்னண்டரைன்னு எழுதிக்க. இல்லன்னா மார்க் போகும்.' அவள் என்னைப் பார்த்தாள். 'அக்கா, என்ன எழுதட்டும்?' என்றாள். எட்டுன்னு எழுது கண்ணு என்றேன். அவள் பன்னிரண்டரை என்று எழுதினாள். மார்க் அவளுக்கு வேண்டியிருந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்தக் கல்வியின் முழு லட்சணமும் அந்த ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது. பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அப்படியானால் அந்த வகுப்பில் பன்னிரண்டுக்குக் கீழே வந்தால்தானே உண்மை? உயிருள்ள பெண்ணின் உடம்பிலிருந்து வந்த இரத்தத்தைப் பொய் என்றும், புத்தகத்தில் அச்சான எண்ணை மெய் என்றும் எழுத வைக்கிறார்கள். எட்டு கிராமோடு ஒரு பெண் காலையில் களையெடுத்துவிட்டு, பஸ் பிடித்து, மதியம் வகுப்பில் தூங்கினால் 'சோம்பேறி' என்கிறார்கள். ஆக்சிஜனைத் தூக்கிச் செல்கிற பொருள் மூன்றில் ஒரு பங்கு குறைந்த உடம்பு, அதை ஈடுகட்ட இதயத்தை வேகமாக அடித்துக்கொண்டு இவ்வளவு வேலை செய்கிறதே என்று வியக்க வேண்டிய இடம் அது. உடலியங்கியல் தெரிந்தால்தான் அந்த வியப்பு வரும், கோபமும் வரும்.

இன்னொன்று பல். தர்மபுரி மாவட்டத்தில் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. பால் பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்குமுன், ஈறுக்குள் எனாமல் உருவாகிற வயதிலேயே அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்குப் பல் காவியேறி, புள்ளி விழுந்துதான் வெளியே வரும். எந்தப் பற்பசையும் அதைப் போக்காது. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் ஏறும். முதுகு வளையாது, மூட்டு மடங்காது. இதைத் தடுக்கத்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் ஓடத் தொடங்கியது. அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கிறது. அதற்கு முன்பு பிறந்து வளர்ந்த தலைமுறையிடம், இதே மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் என்ன கேட்டார்கள்? 'ஏன்டா, காலனியில பல்லே வெளக்க மாட்டீங்களா?' அதே போர்த் தண்ணியைக் குடித்த ஊர்த்தெருப் பிள்ளைக்கும் பல் காவிதான். அவனைக் கேட்கவில்லை. எனாமல் எப்படி உருவாகிறது என்று ஒரு பக்கம் படித்திருந்தால், வாயை மூடிக்கொண்டு சிரிக்கக் கற்றுக்கொண்ட அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பதில் இருந்திருக்கும்: 'சார், இது அழுக்கு இல்ல. தண்ணியைக் கொடுத்தவங்களைக் கேளுங்க.'

3

எங்கள் பக்கம் மரவள்ளி போடுவார்கள். கிழங்கு தெரியும், சேகோ மில்லுக்கு லாரி போவது தெரியும். தழையை ஆடு மேய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க் கிழவிகளைக் கேளுங்கள். மூச்சு இரைத்து, கால் உதறி, கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும். மரவள்ளியில் சயனைடு உண்டாகும் பொருள் இருக்கிறது. சயனைடு என்ன செய்கிறது? காற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலைக் கெடுப்பதில்லை. ஆடு மூச்சு விடுகிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது, ஒவ்வொரு செல்லின் வாசலுக்கும் போய்ச் சேருகிறது. செல்லுக்குள் அந்த ஆக்சிஜனைப் பயன்படுத்துகிற கடைசிக் கண்ணி, சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்கிற நொதி. சயனைடு அதைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. பந்தியில் சோறு பரிமாறி, சாப்பிடுகிறவன் கையைக் கட்டிப் போட்ட மாதிரி.

இதே நொதியைப் பிடித்துக் கட்டுகிற இன்னொரு பொருள் ஹைட்ரஜன் சல்ஃபைடு. மலக்குழியில் உண்டாவது அதுதான். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மோப்பம் பிடிக்கிற நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். 'வாடையே இல்லியே' என்று இறங்குகிறவனுக்கு உண்மையிலேயே வாடை தெரியாது. அளவு மிகுந்த குழியில் ஒன்றிரண்டு மூச்சிலேயே சுருண்டு விழுவான். அவனைத் தூக்க இறங்குகிற தம்பியும் அதே மாதிரி விழுவான்.

மறுநாள் பேப்பரில் என்ன போடுகிறார்கள்? 'விஷவாயு தாக்கி மூன்று பேர் பலி. பாதுகாப்பு உபகரணம் இன்றி இறங்கியதால் விபரீதம்.' வாயு தாக்கியதாம். இறக்கியவனுக்கு வாக்கியத்தில் இடமே இல்லை. செத்தவனின் கவனக்குறைவு என்று பேச்சு முடிகிறது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம், 2014இல் பத்து லட்சம் கொடு என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2023இல் முப்பது லட்சம் என்று திருத்திய தீர்ப்பு. சாவு நிற்கவில்லை, நாடாளுமன்றத்தில் தந்த கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. 'கவனமா இருந்திருக்கணும்' என்று சொல்கிற கான்ட்ராக்டரின் முன்னால், 'மூக்கு மரத்துப்போகிற வாயுவை எந்தக் கவனத்தால் கண்டுபிடிப்பது?' என்று கேட்க உணர்ச்சி மட்டும் போதாது. இந்த நொதியும் அந்த நரம்பும் தெரிந்திருக்க வேண்டும். துப்புரவுத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் கவிதை வாசிக்கிறோம். ஒரு நாள் அந்த மேடையில் மூச்சு எப்படி ஓடுகிறது என்று படம் வரைந்து காட்டுவோமே!

4

இனி பிரேதப் பரிசோதனைக்கு வருகிறேன். ஒரு கொலை நடந்தால் நாம் ஆஸ்பத்திரி வாசலில் உட்காருகிறோம், உடலை வாங்க மறுக்கிறோம், கோஷம் போடுகிறோம். அறிக்கை கைக்கு வந்ததும் யாராவது டாக்டர் தோழர் படித்துச் சொல்வாரா என்று காத்திருக்கிறோம்.

இதே தர்மபுரியில் 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் தண்டவாளம் பக்கத்தில் பிணமாகக் கிடந்தார். உயர் நீதிமன்றம் சொல்லி டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வந்து மறுபடி பரிசோதிக்கிற வரைக்கும் அந்த வழக்கு போனது. 2015 ஜூனில் ஓமலூர் கோகுல்ராஜ், தலை துண்டான உடலாகத் தண்டவாளத்தில் கிடந்தார். முதலில் தற்கொலை என்றுதான் பேச்சு. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் கொலை என்று சொல்லிப் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை 2023இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 'ரயிலில் விழுந்தான்' என்பதற்கும் 'கொன்று தண்டவாளத்தில் போட்டார்கள்' என்பதற்கும் நடுவே இருப்பது ஓர் உடலியங்கியல் கேள்வி: வெட்டு விழும்போது இதயம் துடித்துக்கொண்டிருந்ததா? துடிக்கிற உடம்பில் காயம் பட்டால் அழுத்தத்தோடு இரத்தம் சுற்றுத் தசைக்குள் ஊறும், உறையும், காயத்தின் விளிம்பு சுருங்கி விலகும். நின்றுபோன உடம்பில் அப்படி நடக்காது. இதை முதல் வருஷப் பாடத்தில் இரத்த ஓட்டம், இரத்தம் உறைதல் என்ற இரண்டு அத்தியாயத்தில் சொல்லித்தருகிறார்கள். பெற்றவளோடு உள்ளே போகிற நம் ஆளுக்கு எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று தெரிய இவ்வளவு போதும்.

அரூர் பக்கத்து வாச்சாத்தியை மறக்க முடியுமா? 1992 ஜூன் 20. மலையாளிப் பழங்குடிப் பெண்கள் 18 பேர் மீது பாலியல் வன்முறை. சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு வந்தது 1995இல். தர்மபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். சிராய்ப்பு சில நாளில் ஆறும். நீலம் பாரித்த இடம் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் மறையும். உடம்பு தன்னை ஆற்றிக்கொள்ளும். அதுதான் அதன் இயல்பு. அதிகாரம் அந்த இயல்பைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது: புகாரை வாங்காதே, நாளைக் கடத்து, காயம் ஆறிவிடும், சாட்சி இருக்காது. வாச்சாத்திப் பெண்கள் தங்கள் நினைவையும் வார்த்தையையும் வைத்து ஜெயித்தார்கள். எல்லா ஊரிலும் அவ்வளவு காலம் தாங்க முடியாது. எந்தத் தடயம் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று தெரிந்த ஒரு பெண்ணாவது ஒவ்வொரு காலனியிலும் இருக்க வேண்டும்.

5

நம் ஆட்களே சொல்கிற மறுப்புகள் இரண்டு.

ஒன்று: 'நவீன மருத்துவம் உடலை இயந்திரமாகப் பார்க்கிறது, அது அதிகாரத்தின் அறிவு.' சரி. பதிவேட்டில் பன்னிரண்டரை எழுத வைத்தது அதிகாரம்தான். அதை உடைத்தது எது? கண்ணாடிக் குழாயில் வந்த எட்டு. அந்த எட்டும் இதே அறிவியல் தந்ததுதான். அறிவு அவர்கள் கையில் இருப்பதால்தான் அது அவர்களுக்கு வேலை செய்கிறது.

இன்னொன்று: 'உடல் எல்லாருக்கும் ஒன்றுதானே, அறிவியலில் சாதி ஏது?' இதைச் சொல்கிறவர்கள் ஓர் உடலியங்கியலை ஏற்கெனவே மனப்பாடம் செய்தவர்கள். ரிக் வேதத்துப் பத்தாம் மண்டலத்தில் இருக்கிறது அது. முகத்திலிருந்து ஒருவன், தோளிலிருந்து ஒருவன், தொடையிலிருந்து ஒருவன், பாதத்திலிருந்து ஒருவன். 1946இல் 'சூத்திரர்கள் யார்?' என்ற நூலில் அம்பேத்கர் இந்தப் புருஷசூக்தத்தைத்தான் எடுத்துப் போட்டு அலசினார். அந்த உடலில் நமக்கு இடமே கிடையாது. பாதத்திலும் கிடையாது. அது எந்த மாதிரி உடல் என்றும் பாருங்கள். உண்மையான உடம்பில் காலில் முள் குத்தினால் கண் மூடித் திறப்பதற்குள் முதுகுத்தண்டு காலை இழுத்துவிடும். மூளைக்கும் செய்தி போய்விடும். இவர்கள் சமூகம் என்று சொல்கிற உடம்பில் மலக்குழிக்குள் மனிதன் செத்தாலும் தலைக்குச் செய்தி போவதில்லை. இதை உடல் என்று சொன்னவனுக்கு உடலே தெரியாது.

தமிழில் முடியாது என்கிற பேச்சும் வேண்டாம். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் அச்சானது. உடலியங்கியலுக்கான 'மனுஷ சுகரணம்' 1883இல் வந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் முடிந்தது. தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008இலிருந்து நடக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பாடம் மட்டும் இன்னும் தமிழில் இல்லை.

எனவே தோழர்களே, செய்ய வேண்டியது சின்ன வேலை. வாரத்துக்கு இரண்டு சாயங்காலம். இரத்தம், மூச்சு, செரிமானம், சிறுநீரகம், நரம்பு, இனப்பெருக்கம் என்று ஆறு பாடம். ஆண் பெண் பிள்ளையைத் தீர்மானிப்பது ஆணின் விந்தணு என்பதை, தொட்டில் குழந்தைத் திட்டம் வந்து சேர வேண்டியிருந்த இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு மாமியாரின் காதிலும் போட வேண்டும். நர்சிங், லேப் டெக்னீஷியன் படிக்கிற நம் தங்கச்சிகள் வாத்தியாராக வரட்டும். எழுத்தாளர்கள் பெஞ்சில் உட்காரட்டும். கறிக்கடை அண்ணனிடம் சொல்லிவைத்தால் ஆட்டு இதயம் ஒன்று, குண்டிக்காய் இரண்டு கிடைக்கும். ஒரு பிளேடு, ஒரு தட்டு, ஒரு குடம் தண்ணீர் போதும். பாட்டிகளையும் கூப்பிடுங்கள். அறுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ரெக்கார்டு நோட்டில் வருகிற எண்ணை, வருகிற மாதிரியே எழுதுங்கள்.